அழகிரிசாமி அண்ணாச்சி மீசையும் நாலு கம்ப்யூட்டரும்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கும் பஸ் போய்விட்டது. என் கண் முன்னாலேயே போனது. நிறுத்தச் சொல்லி நான் கையை ஆட்டினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து கண்டக்டரும் கையை ஆட்டிவிட்டுப் போகிறான், பாவி. இடைசெவலுக்கு அடுத்த டவுன் பஸ் வருகிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் கொசுவுக்கு விருந்து வைத்தேன்.

எல்லாம் அந்தப் பிரிண்டரால் வந்த வினை. எங்கள் தீப்பெட்டி ஆபீஸில் கம்ப்யூட்டர் நாலு, பிரிண்டர் ஒன்று. அந்த ஒன்றும் முதலாளி நந்தகோபால் அறைக்குள் இருக்கிறது. சாயங்காலம் லாரிக்கு பில் அடிக்க பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால் போதும், "எஸ்தரு, அன்னைக்கு மாவட்ட ஃபைனல்ஸு…" என்று ஆரம்பித்துவிடுவார். ஹாக்கி. கல்லூரியில் ஆடினாராம். அஞ்சாம் நம்பர் சட்டையாம். கடைசி நிமிஷம், வலது ஓரத்திலிருந்து பந்து வருகிறது, இவர் மட்டையை ஓங்குகிறார் – அந்த நேரம் பார்த்துத் தாள் வெளியே வரும். பிடுங்கிக்கொண்டு ஓட்டம் பிடிப்பேன். எல்லாரும் அப்படித்தான். அந்தப் பந்து எங்கே போனது என்று ஆபீஸில் இன்றுவரை ஒரு ஆளுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் இவர், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி, "என்னட்டி, இன்னைக்காவது கோல் விழுந்துச்சா?" என்கிறார். பசியோடு வருகிற பெண்டாட்டியிடம் ஜேசுதாசன் கேட்கிற கேள்வி!

செப்டம்பர் 9, செவ்வாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிகிறதா எனக்கு?

ராத்திரி ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். எல்லாக் கம்ப்யூட்டரையும் வயர் போட்டு ஒன்றாகக் கட்டிவிட்டால், அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பிரிண்ட் அடிக்கலாமாம். நெட்வொர்க். காலையில் முதலாளியிடம் சொன்னேன்.

"அதுக்கு மதுரைல இருந்துல்லா ஆள் வரணும்?" என்றார்.

"ஆளு எதுக்கு மொதலாளி? நானே போட்டுருவேன். ஆயுத பூசைக்குள்ள முடிக்கலைன்னா மீசையை எடுத்துருதேன்!"

அப்பா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிக் கேட்ட சபதம். அப்படியே வாயில் வந்துவிட்டது. பில் போடுகிற இசக்கிச்செல்வி மேசைக்கு அடியில் போய்ச் சிரிக்கிறாள்.

"ஒனக்கு ஏதும்மா மீசை?" என்றார் முதலாளி.

"எனக்கு இல்லாட்டி என்ன? நம்ம அண்ணாச்சிக்கு இருக்குல்லா."

கணக்குப் பார்க்கிற அழகிரிசாமி அண்ணாச்சிக்குப் புரையேறிவிட்டது. ஊரில் அவரை அடையாளம் சொல்வதே அந்த மீசையை வைத்துத்தான். சட்டைப்பையில் தலைக்கு ஒரு சீப்பு, மீசைக்கு ஒரு சீப்பு. முதலாளிக்கோ ஒரே குஷி. "சரி, பந்தயம் பந்தயந்தான்" என்று எழுந்து போய்விட்டார்.

அண்ணாச்சி சாயங்காலம் வரைக்கும் மீசைச் சீப்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

செப்டம்பர் 13, சனி

அண்ணாச்சியே என்னை மெயின் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மீசைப் பயம். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சிராஜுதீன் பாய் கடையில் வயர், கிளிப், கிளிப்பை நசுக்குகிற இடுக்கி, எட்டு ஓட்டை உள்ள ஒரு பெட்டி எல்லாம் வாங்கினோம். பெட்டிக்குப் பெயர் ஸ்விட்ச்சாம். தட்டினால் லைட் எரியுமா என்று அண்ணாச்சி கேட்டார்.

"அது இல்ல அண்ணாச்சி" என்றார் பாய். "இது டீக்கடை பெஞ்சு மாதிரி. நாலு பேரும் இங்கன வந்து உக்காந்துதான் பேசிக்கிடணும். யாருக்குச் சேதியோ அவன் காதுல மட்டும் இது சொல்லும்."

"அப்ப டீக்கடை பெஞ்சு மாதிரி இல்லையே பாய்" என்றார் அண்ணாச்சி. பாய் மீதிச் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

செப்டம்பர் 17, புதன்

ஒரு வயருக்குள் எட்டு வயர். அதைக் கிளிப்பில் வரிசை மாறாமல் சொருக வேண்டும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பச்சைக்கும் வெள்ளைப் பச்சைக்கும் நடுவில் நீலத்தை ஏன் குடிவைத்தார்கள்? கேட்டால் அப்படித்தானாம்.

இசக்கிச்செல்விதான் வழி சொன்னாள். "அக்கா, சேலைன்னு நெனச்சிக்கோங்க. மொதல்ல கரை, அப்புறம் உடம்பு. நடுவுல நீலத்த மட்டும் பக்கத்து வீட்டுக்காரி மாத்தி மடிச்சு வச்சிட்டா." அதன் பிறகு தப்பவே இல்லை.

கிளிப்பு மட்டும் பதினாறு வீண்.

செப்டம்பர் 18, வியாழன்

பதினேழு.

செப்டம்பர் 22, திங்கள்

வயர் எல்லாம் இழுத்தாயிற்று. அடுத்து நம்பர் கொடுக்கிற வேலை. ஐ.பி. அட்ரஸ் என்று பெயர். பாய் ஃபோனில் விளக்கினார்: "தெருப் பேரு எல்லா மிஷினுக்கும் ஒண்ணுதான்க்கா. கடைசியில இருக்கது கதவு நம்பரு. அதை மட்டும் மாத்திக் குடுங்க. ஒரே நம்பரை ரெண்டு வீட்டுக்குக் குடுத்தா தபால்காரன் கிறுக்குப் பிடிச்சி அலைவான்."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். இந்த ஆபீஸில் எதுதான் இவ்வளவோடு நின்றிருக்கிறது?

முதலாளி சொல்லிவிட்டார்: "எனக்கு அஞ்சாம் நம்பர். வேற எதுவும் வேண்டாம்." சட்டை நம்பர். கார் நம்பரும் கூட்டினால் அஞ்சு. சரி, கொடுத்தேன். எனக்கு ஆறு, இசக்கிச்செல்விக்கு ஏழு, அண்ணாச்சிக்கு எட்டு.

"எட்டா? சனி நம்பர்லா அது! ஏற்கனவே எம் மீசைக்கு நேரஞ் சரியில்ல, நீ வேற ஏம்மா?"

"அண்ணாச்சி, மிஷினுக்குச் சனி பிடிக்காது."

"ஒனக்குத் தெரியுமா?"

தெரியாதுதான்.

செப்டம்பர் 27, சனி

முதலாளி கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டது. காலையில் சரியாக இருக்கும். அண்ணாச்சி வந்து தன் கம்ப்யூட்டரைப் போட்டதும் அது செத்துவிடும். அண்ணாச்சி டீ குடிக்கப் போகும்போது அணைத்துவிட்டுப் போனால் உயிர் வரும். வயரை மாற்றினேன், கிளிப்பை மாற்றினேன், பெட்டியில் ஓட்டையை மாற்றினேன். வேதாகமத்தைத் திறந்து சங்கீதம் கூடப் படித்தேன், யாரும் பார்க்காமல்.

மத்தியானம்தான் பிடிபட்டது. மனுஷன் யாருக்கும் தெரியாமல் எட்டை அழித்துவிட்டு அஞ்சு என்று போட்டு வைத்திருக்கிறார்!

"மொதலாளிக்கு ராசியா இருக்கே, நமக்கும் கொஞ்சம் ஒட்டட்டும்னு…"

"அண்ணாச்சி! ரெண்டு பேரும் ஒரே கதவு நம்பர்ல குடியிருந்தா தபால் யாருக்குப் போகும்? ஒம்ம மீசைய நீரே செரைக்கப் பாத்தீரே!"

கத்தியிருக்கக் கூடாது. வயசுக்கு மூத்தவர். அப்புறம் ஒன்பது கொடுத்தேன். நவக்கிரகமும் துணை இருக்கும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

செப்டம்பர் 30, செவ்வாய்

பிங் போயிற்று! பிங் போயிற்று!

பிங் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை "ஏலே" என்று கூப்பிடும். அது "என்னலே" என்று பதில் குரல் கொடுத்தால் உறவு இருக்கிறது என்று அர்த்தம். நாலு தடவை கூப்பிடும். அதற்குள் பதில் இல்லையென்றால் ஆள் இல்லை என்று விட்டுவிடும். இதே முறையில் நான் இவரைக் கடைக்குப் போகச் சொல்லி நாலு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. வயர் சரியாகத்தான் இருக்கிறது, கட்டிலில்தான் கோளாறு.

அஞ்சு, ஆறு, ஏழு, ஒன்பது – எல்லாம் ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் பதில் சொல்லிக்கொண்டன. பிரிண்ட் அடித்துக் காட்டுவதுதான் பாக்கி. நாளைக்குப் பூசை, சாமான்களைத் தொடக்கூடாது. லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அடித்துக் காட்டு என்று முதலாளி தவணை கொடுத்தார். அண்ணாச்சி மீசைக்குப் புது எண்ணெய் வாங்கியிருக்கிறார்.

அக்டோபர் 1, புதன்

பூசை. பொரிகடலை, சுண்டல். வீட்டுக்கும் ஒரு பொட்டலம்.

அக்டோபர் 3, வெள்ளி

ஐயோ, இன்றைக்கு நான் பட்ட பாடு.

காலையில் பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. பிங் அடித்தால் பதில் இல்லை. ஏலே ஏலே என்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி சிரித்துக்கொண்டே மேசைமேல் ஒரு புது பிளேடு வைத்தார். விளையாட்டுக்குத்தான். ஆனால் அண்ணாச்சி மீசையை ஒரு கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வாய்க்கொழுப்புக்கு இந்த மனுஷன் ஏன் அனுபவிக்கணும்?

வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். சந்தனம்.

கிளிப்பில் சந்தனம். பெட்டியின் எட்டு ஓட்டைக்குள்ளும் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். காய்ந்து கட்டியாகி இருக்கிறது.

"ஏட்டி இசக்கி! பொட்டு வைக்கணும்னா மேல வைக்க மாட்டியா? ஓட்டைக்குள்ளயா போய் வைப்ப?"

"வயரக் கழட்டித் தொடச்சப்ப எட்டுக் கண்ணு முழிச்சிப் பாக்க மாதிரி இருந்துச்சிக்கா. ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு வைக்காம எப்படி?" அவள் கண்ணிலும் தண்ணீர்.

காது குடைகிற பஞ்சுக்குச்சி, பழைய பல் பிரஷ், ஊசி. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சுரண்டினோம். கிளிப்பையெல்லாம் வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். வெள்ளைக் கரை, ஆரஞ்சு உடம்பு என்று வாய் தன்னால் சொல்கிறது. சாயங்காலம் விளக்கு ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தது. பிங்குக்குப் பதில் வந்தது. என் நாற்காலியிலிருந்து இன்றைய லாரி பில்லைத் தட்டினேன்.

கர்ர்ர்… டக். தாள் வந்துவிட்டது! அண்ணாச்சி துள்ளி எழுந்தார். இசக்கிச்செல்வி கை தட்டினாள். நான் பையைத் தூக்கித் தோளில் போட்டேன். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. முதல் தடவையாக நேரம் இருக்கிறது.

அப்புறம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் முதலாளி அறைப் பக்கம் திரும்பினோம்.

தாள் முதலாளி அறையில் வந்திருக்கிறது. பிரிண்டர் அங்கேதானே இருக்கிறது! இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாள் மூன்று மண்டைக்கும் எட்டவில்லையே!

"பிரிண்டரை வெளிய கொண்டாந்துருவமா மொதலாளி?" என்று அண்ணாச்சி கதவோரம் நின்று கேட்டார்.

"அது அக்னி மூலையில இருக்குய்யா. தீப்பெட்டித் தொழிலு. நகட்டக் கூடாது. வா எஸ்தரு, உள்ள வா. மீசை தப்பிச்சிருச்சி. அன்னைக்கும் இப்படித்தான், கடைசி நிமிஷம்…"

பஸ் போய்விட்டது.

அக்டோபர் 6, திங்கள்

நிலைமை முன்னைவிட மோசம். யாரும் உள்ளே போகாமலேயே தாள் தானாக வருவதை முதலாளி பெரிய அதிசயமாகப் பார்க்கிறார். பிரிண்டர் முனகியதும் தாளை எடுத்துக்கொண்டு அவரே ஓடி வருகிறார். முன்பு நாங்கள் கதைக்குப் போனோம். இப்போது கதை எங்கள் மேசைக்கு வருகிறது. இசக்கிச்செல்வி இன்று ஒரு பில்லைக் கையாலேயே எழுதினாள்.

அக்டோபர் 8, புதன்

சாயங்காலம் முதலாளி லாரி பில்லைக் கொண்டுவந்து நீட்டினார். வழக்கம்போலவே ஆரம்பித்தார். மாவட்ட ஃபைனல்ஸ், கடைசி நிமிஷம், வலது ஓரத்திலிருந்து பந்து. மட்டையை ஓங்கிவிட்டார். பாதியில் வெட்டுவதற்குத் தாள் எதுவும் வெளியே வரவில்லை. தாள் ஏற்கெனவே என் கையில். ஓடவும் வழியில்லை, அவர் நிற்பது வாசல் பக்கம். வேறு வழியில்லாமல் கேட்டேன்:

"அப்புறம்?"

மனுஷன் திகைத்துப் போனார். யாரும் இதுவரை கேட்டதில்லையே.

"அப்புறம்… கம்பத்துல பட்டு வெளிய போயிருச்சும்மா. தோத்துட்டோம்."

"அட, அப்ப எதுக்கு மொதலாளி தெனமும் சொல்லுதீங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லிச் சொல்லிப் பாக்கேன். ஒரு தடவையாவது உள்ள போகாதான்னு" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

பஸ் கிடைத்தது. வீட்டில் இவர் அதே கேள்வியைக் கேட்டார். "சும்மா கெடங்க" என்று எரிந்து விழுந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டு நாளாகக் கதை இல்லை. தாளை வைத்துவிட்டுப் பேசாமல் போகிறார். "நிம்மதியா இருக்கு, என்னம்மா?" என்றார் அண்ணாச்சி. ஆனால் மீசையைச் சீவவில்லை. எனக்கும் நிம்மதியாக இருக்கிற மாதிரி இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானம் முதலாளி வங்கிக்குப் போயிருந்தபோது அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி வாசலில் காவல். ஒரு தாள் முழுக்க ஒரே ஒரு சொல்: கோல். எழுத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு. அடித்து, பிரிண்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அவர் வந்து கொஞ்ச நேரத்தில் மணி அடித்தார். மூன்று பேரும் உள்ளே போனோம். தாள் அவர் கையில்.

"யாரு இதை அடிச்சது?"

"எந்த நம்பர்ல இருந்து வந்துருக்குன்னு பாத்துத்தான் சொல்லணும் மொதலாளி." குனிந்து சும்மா எதையோ தட்டினேன். "அஞ்சாம் நம்பர்."

"அஞ்சு நான்லா?"

"ஆமா. நீங்கதான் அடிச்சிருக்கீங்க."

என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அண்ணாச்சி மெதுவாக மீசையை முறுக்கிவிட்டார். இசக்கிச்செல்வி விரலை வாயில் வைத்து அடித்தாளே ஒரு விசில், வெளியே பண்டல் கட்டுகிறவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "போங்க, போயி வேலையப் பாருங்க" என்றார்.

சாயங்காலம் பில்லைக் கொண்டுவந்தவர், "பஸ்ஸு போயிரும், கெளம்பும்மா" என்றார். கண்டக்டருக்கு நானே டாட்டா காட்டி ஏறினேன்.

வீட்டில் இவர் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினார். "என்னட்டி, இன்னைக்காவது—"

"விழுந்துருச்சு" என்றேன்.