கடிதம் இல்லாமல் போன ஜீப்

போடிநாயக்கனூர்
13.5.2025, செவ்வாய், காலை

அன்புள்ள மாப்பிள்ளை எட்வர்டுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எனக்குச் சுகம். நேற்று நீங்கள் மூவரும் நல்லபடியாக மேலே போய்ச் சேர்ந்ததாக ஜீப் வேலுச்சாமி சாயங்காலம் வந்து சொன்னார். உங்கள் கூடாரம் இருக்கும் இடத்தில் டவர் கிடைக்காது என்பதால், காலையில் தோட்டத்து வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வரும் அவரிடமே கடிதம் கொடுத்தனுப்புகிறேன். பிற்பகலில் அவர் ஆட்களோடு திரும்பும்போது பதில் கொடுத்தால் போதும். நீளமாக வேண்டாம்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். எழுதி முடிப்பதற்குள் ஜீப் வந்துவிட்டால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1. பையில் என்ன இருக்கிறது
2. ஜோசுவா சாப்பிடும் விதம்
3. மகாவின் கோபம்
4. மழை
5. நாம் பேசிக்கொண்டது

பையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு டார்ச், அட்டை கடித்தால் வைக்க உப்புப் பொட்டலம், ஒரு குடை. குடை பக்கத்து வீட்டாருடையது. அதற்குள் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஜோசுவாவுக்குத் தட்டில் குழம்பு ஒரு பக்கமும் பொரியல் ஒரு பக்கமும் இருக்க வேண்டும். இரண்டும் தொட்டுக்கொண்டால் எழுந்துவிடுவான். ஆறு வயதில் இது அதிகம்தான். நான் பழக்கிவிட்டது, என் பிழையாக இருக்கலாம்.

மகா கோபம் வந்தால் பேசமாட்டாள். சமாதானம் செய்யப் போகாதீர்கள். அரை மணி நேரம் விட்டால் தானே வருவாள். பத்து வயதுப் பெண் என்றாலும் நியாயம் கேட்பதில் பெரியவள்.

மழையைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் கேட்கலாம். அந்த மலையில் எஸ்டேட் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானி பார்த்து எழுதியவன். மே மாதத்தில் மதியத்துக்கு மேல்தான் வரும். வந்தால் சொல்லிக்கொண்டு வராது. கூடாரத்தைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுங்கள். ஓடைப் பக்கம் வேண்டாம்.

ஐந்தாவது. நீங்கள் போர்வெல் லாரியோடு ஊர் ஊராகப் போன மூன்று வருடத்தில் பிள்ளைகளோடு சேர்ந்தாற்போல் நான்கு நாள் இருந்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. இப்போது கோவையில் ஒர்க்‌ஷாப் வேலை நிலையாகிவிட்டது, பள்ளி திறக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப் போகிறேன் என்கிறீர்கள். அவர்களின் அம்மா ஜெஸ்ஸி மஸ்கட் ஆஸ்பத்திரி வேலை முடிந்து திரும்ப இன்னும் ஒரு வருடம் ஆகும். முடிவை அவள் என்னிடம் விட்டிருக்கிறாள். சனிக்கிழமை வரை பிள்ளைகள் உங்களோடு எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஒரு தகப்பனைப் பற்றி இப்படி முடிவு சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற சந்தேகம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஜீப் சத்தம் கேட்கிறது.

உங்கள் நலம் கோரும் மாமா,
சி. சின்னத்துரை


கூடாரத்திலிருந்து
செவ்வாய், மதியம்

மாமாவுக்கு எட்வர்ட் எழுதுவது.

பை வந்தது. உங்களைப் போல் நம்பர் போட்டு எழுத எனக்கு வராது, கண்டுகொள்ளாதீர்கள்.

குடைக்குள் நீங்கள் செருகியிருந்த காகிதத்தை மகா சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'இது பக்கத்து வீட்டுக் குடை. மடக்கும்போது இடது பக்கக் கம்பி கையைக் கடிக்கும். மெதுவாக மடக்கவும்.' ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நின்று கேட்டுவிட்டுத்தான் களை எடுக்கப் போனார்கள்.

இடம் நல்ல இடம். போடிமெட்டு தாண்டி நண்பர் தோட்டத்தில், ஏலக்காய் காயப்போடும் ஸ்டோர் பக்கத்திலேயே சமதரை. ஓடை கீழே தள்ளி இருக்கிறது. போர்வெல் ரிக் வண்டியோடு போன ஊரில் எல்லாம் தார்ப்பாய்க்குக் கீழேதான் எங்களுக்குச் சமையலும் படுக்கையும். எனக்குத் தெரிந்த வீடு அதுதான். அதனால்தான் முதலில் இவர்களை இங்கே கூட்டி வந்தேன். வாடகை வீட்டில் வைத்தால் நான்தான் முழித்துக்கொண்டு நிற்பேன்.

தட்டுகளை எடுத்து வர மறந்துவிட்டேன். மூன்று பேருக்கும் ஒரே சட்டி. குழம்பும் பொரியலும் ஒன்றாகத்தான் கிடந்தன. ஜோசுவா கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் சாப்பிட்டான்.

தோட்டத்தில் ராக்கு என்று ஒரு அம்மா வேலை செய்கிறார்கள். ஏலச்செடியின் பூ தரையோடு படர்ந்து கிடக்கும் அல்லவா, அது தெரியாமல் இவன் ஓடினான். "அப்பு, காலைப் பாத்து வையி. நீ மிதிக்கிறது வர்ற ஆவணிக்குக் காய்க்கிற காயி" என்று ஒரு அதட்டல். அதிலிருந்து ஒற்றைக் காலில் நடக்கிறான்.

ஜோசுவா நேற்று முழுக்க என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றுதான் சொன்னான். இன்றைக்குக் காலையில் பல் தேய்க்கும்போது, "அப்பா, புது வீட்டு மொட்டை மாடியில இந்தக் கூடாரத்த அடிக்கலாமா?" என்று கேட்டான். அடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எட்வர்ட்


போடிநாயக்கனூர்
14.5.2025, புதன், காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். பிள்ளைகள் சுகமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஒரே சட்டியில் சாப்பிடுவது சுத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. ரிக் வண்டியில் அப்படித்தான் என்றால் இருக்கலாம்.

இன்று விடியற்காலையில் மாடியில் நின்று பார்த்தேன். மலை உச்சி தெரியவில்லை. காற்று நின்றுவிட்டது. நாளை வியாழன் பிற்பகல் பெருமழை இருக்கும் என்பது என் கணிப்பு. பதினோரு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவனின் கணிப்பு, அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் பிள்ளைகளை நாளை ஜீப்பில் கீழே அனுப்பிவிட்டு, வானம் தெளிந்தபின் மறுபடி கூட்டிப் போகலாமே என்று ஒரு யோசனை. யோசனைதான்.

மொட்டை மாடியைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மாமா,
சி. சின்னத்துரை


புதன், மதியம்

மாமா, பள்ளம் வெட்டியாகிவிட்டது. மழை வந்தால் ஸ்டோர் நூறு அடியில் இருக்கிறது, கல் கட்டடம், தகரக் கூரை. பிள்ளைகள் சனிக்கிழமைதான் இறங்குவார்கள். நாம் பேசிக்கொண்டதும் அப்படித்தான்.

மகா உங்களுக்கு எழுத வேண்டும் என்றாள். பிறகு அட்டையைப் பிடித்துப் பாட்டிலில் போடப் போய்விட்டாள்.

எட்வர்ட்


வியாழன், மூன்றே முக்கால் மணி

மாமா,

ஜீப்பு நிற்கிறது. பதினோரு பேர் உள்ளே காத்திருக்கிறார்கள். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றே கால் மணிக்குப் பிள்ளைகளை ஸ்டோர் வாசலில் உட்கார வைத்துவிட்டு ஓடையில் தண்ணீர் எடுக்க இறங்கினேன். திரும்பி ஏறி வந்து பார்த்தால் ஜீப்பு நிற்கிறது. ஜோசுவாவின் பை பின்னால் ஏறிவிட்டது. மகா மட்டும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்று நிற்கிறாள்.

வேலுச்சாமி அண்ணன், "தாத்தா கூட்டியாரச் சொன்னாக, அப்பாவுக்கும் தெரியும், வெரசா ஏறுங்க" என்றிருக்கிறார். அதற்கு இவள் கேட்டதை ராக்கு அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.

"எங்க தாத்தா ஒரு குடையக் குடுத்துவிட்டாக்கூட லெட்டர் வச்சுத்தான் குடுத்துவிடுவாங்க. எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்கன்னா, லெட்டர் எங்க, மாமா?"

அவர் சட்டைப் பையிலும் வண்டிக்குள்ளும் தேடினாராம். ராக்கு அம்மா உள்ளே இருந்துகொண்டு, "நல்லாத் தேடுய்யா. பதினஞ்சு வருசமா எங்கள ஏத்தி எறக்குற, ஒருத்தியாவது இப்படிக் கேட்டிருப்பமா" என்று சொல்ல, நான் வரும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைத் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன். காலையில் நீங்கள் சொன்னதைச் சொன்னார். எனக்குத் தெரியும் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னார்.

மகா தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "தாத்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்கப்பா. இந்த மாமாதான் பொய் சொல்றாங்க." அவர் தலை குனிந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பொய் சொன்னவர் வேறு ஆள் ஆகிவிடுவார்.

நீங்கள் சொன்ன மழை ஒன்றரைக்கே வந்து போய்விட்டது. ஸ்டோருக்குள் இருந்தோம். ஒரு சொட்டு மேலே விழவில்லை.

மாமா, என் பிள்ளைகளை மூன்று வருடம் வளர்த்தவர் நீங்கள். அதற்காகவே உங்களை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் இவள் லெட்டர் கேட்காமல் ஏறியிருந்தால் நான் வந்து பார்ப்பது வெறும் கூடாரம். யானை நடக்கிற மலை. கூப்பிட்டுக் கேட்க போனும் எடுக்காது. நான் எந்தப் பக்கம் ஓடித் தேடியிருப்பேன் என்று யோசித்தீர்களா?

நாளைக் காலை ஜீப்பில் உங்கள் முடிவு வரட்டும். பிள்ளைகள் என்னோடு கோவைக்கு வருவார்களா, மாட்டார்களா. எழுத்தில் வேண்டும், வாய்ச் சொல் வேண்டாம். மாட்டார்கள் என்றால் சனிக்கிழமை உங்கள் வாசலில் இறக்கிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவேன். மீதியை ஜெஸ்ஸி வந்து தீர்த்துக்கொள்ளட்டும்.

எட்வர்ட்


போடிநாயக்கனூர்
16.5.2025, வெள்ளி, காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கேட்டதற்குப் பதில் முதலில். பிள்ளைகள் உங்களோடு வரட்டும்.

வேலுச்சாமி பொய் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னவன் நான். எப்போதும் போல் எழுதித்தான் கொடுக்க உட்கார்ந்தேன். தேதி போட்டேன். 'மாப்பிள்ளையின் சம்மதத்தின் பேரில்' என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. அதற்குள் ஜீப் வந்து வாசலில் நின்றது. எழுத முடியாததை ஜன்னல் வழியாகச் சொல்ல முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. மகா காகிதம் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும், அவளை அப்படிப் பழக்கியது நான்தான்.

வெறும் கூடாரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நான் யோசிக்கவில்லை. ஜீப் இங்கே வந்து நிற்பதையும் இருவரும் இறங்குவதையும் மட்டுமே யோசித்தேன். அந்த மலையில் அத்தனை வருடம் இருந்தவன் இதை யோசிக்காமல் விட்டதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

மழைக்குப் பயந்து செய்தேன் என்று எழுதினால் நீங்கள் ஒருவேளை நம்புவீர்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மொட்டை மாடி என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தபோதே பிள்ளைகளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. அப்போது வானத்தில் மேகம் எதுவும் இல்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ஜெஸ்ஸிக்கு இன்று காலையே செய்தி அனுப்பிவிட்டேன். நடந்ததையும் மறைக்காமல் எழுதினேன். அவள் உங்களிடம் வேறு விதமாகக் கேட்கும்படி இருக்காது.

2. பள்ளி ஆபீஸ் திறந்ததும் இருவருடைய மாற்றுச் சான்றிதழையும் நானே போய் வாங்கி வைக்கிறேன். மகாவின் கணக்கு நோட்டை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள். பின்னத்தில் அவளுக்கு இன்னும் குழப்பம் இருக்கிறது.

3. மகாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அல்லது இந்தக் கடிதத்தையே படிக்கக் கொடுங்கள். அவள் வேலுச்சாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவளுக்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன். இப்போது ஜீப் வந்ததும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும்படியே கேட்பதாக இருக்கிறேன். இதை எழுதி வைத்துவிட்டால் செய்யாமல் இருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

4. என்னைப் பற்றி நீங்களோ ஜெஸ்ஸியோ யோசிக்க வேண்டியதில்லை. சபை வேலை இருக்கிறது, நூலகம் இருக்கிறது. ஒருவனுக்குச் சமைப்பது எளிது. எனக்கு இங்கே எந்தச் சிரமமும் இருக்காது.

சனிக்கிழமை வாசலோடு போய்விட வேண்டாம், உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. மறுத்தாலும் வருத்தப்படமாட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் புரிந்துகொள்வேன்.

மாமா,
சி. சின்னத்துரை

பி.கு.: ஜீப் இன்னும் வரவில்லை. எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான்காவதாக எழுதியிருப்பது உண்மையில்லை. அடித்துவிடலாம், ஆனால் அடித்த இடத்தில் என்ன இருந்தது என்று மகா கேட்பாள். அப்படியே விட்டிருக்கிறேன்.