காத்திருப்போரில் முதல் பெயர்

மார்ச் 3

என் சிஸ்டரம்மாவுக்கு,

டிரைவர் எழுதுவது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உன் நர்சிங் பதிவைச் சரிபார்க்கும் மனுவில், விண்ணப்பதாரர் கையெழுத்து என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அழகாக வேறு போட்டேன், கீழே இரண்டு புள்ளி வைத்து. காலேஜ் கவுண்டரில் இருந்த அம்மா மனுவையும் என் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நர்ஸ் யாரு, நீங்களா?"

"வீட்டுல நான்தாங்க. ஆஸ்பத்திரியிலதான் அவங்க."

வரிசையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் கொடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நீ கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

இந்த முதுநிலை நர்சிங்கில் சேர அவர்கள் கேட்பதைப் பார்த்தால், பெண் கேட்டு வருகிறவர்கள்கூடத் தேவலை. நர்சிங் பட்டம் வேண்டும், இருக்கிறது. பதிவு காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், இருக்கிறது. வார்டில் வேலை பார்த்த சான்று வேண்டும், அது உன் தலைமை நர்ஸ் தர வேண்டியது. உன்னை நன்றாக அறிந்த இரண்டு பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டுமாம். நான் ஒன்று தரட்டுமா என்று கேட்டேன். சொந்தக்காரர் கூடாதாம். நீ விடும் குறட்டை அந்தத் தலைமை நர்சுக்குத் தெரியுமா, என்ன அறிந்துவிட்டார் உன்னை? இதெல்லாம் போக நுழைவுத் தேர்வு. வேலையில் இருந்துகொண்டு படிக்க வருகிறவர்களுக்கு வயது வரம்பும் உண்டு. உனக்கு இந்த வருஷம்தான் கடைசி. அதை மட்டும் அந்த அம்மா சத்தமாகச் சொன்னார். நான் ஒரு கிழவியைக் கட்டியிருப்பதாக வரிசையில் எல்லாரும் முடிவுகட்டியிருப்பார்கள்.

காலேஜ் விண்ணப்பத்தில் தொடர்பு எண்ணாக என் நம்பரைப் போட்டிருக்கிறேன். நீதான் டூட்டியில் போனை லாக்கரில் பூட்டிவிடுகிறாயே.

போன் என்றதும் ஞாபகம் வருகிறது. கடன் வேணுமா, கார்டு வேணுமா என்று பிடுங்கி எடுக்கிறவர்களுக்கு ஒரு மருந்து கண்டுபிடித்திருக்கிறேன். தெரியாத நம்பர் வந்தால், எடுத்ததும் "வணக்கம், சுடுகாட்டு ஆபீஸ். பாடி ரெடியா?" என்பேன். வைக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபது வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டிய குரல், யாரும் சந்தேகப்படுவதில்லை.

காலேஜ் நம் வீட்டிலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம். கட்டிலில் உன் பக்கம் படுத்திருந்த என் ஸ்பேனர் பெட்டியை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன்.

உன்
டிரைவர்


மார்ச் 14

அன்புள்ள டிரைவர் சாருக்கு,

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து இதன் மேல் இன்னொரு கையெழுத்தைப் போட்டு அழகு பார்க்காதீர்கள்.

சுடுகாட்டு ஆபீஸ் கதையை விடுதி அறையில் படித்துக் காட்டினேன். மேல் கட்டில் பிள்ளை சிரித்துச் சிரித்து இறங்கியே வந்துவிட்டாள். "அக்கா, திரும்பப் படிங்க" என்று இன்னொரு தரம் படிக்க வைத்தாள்.

ஏன் எப்போதும் கடிதம், போனில் பேசக் கூடாதா என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். போனில் நீங்கள் சிரிக்க வைத்துவிடுகிறீர்கள். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. வைத்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. காகிதத்தில் நீங்கள் குறுக்கே வர முடியாது.

சொல்ல வந்தது இதுதான். எனக்கு முடியவில்லை. நோயாளியைத் தூக்கிப் புரட்டும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஊசி போடும் நரம்பைத் தேடுவதிலிருந்து நான்தான் காட்டிக் கொடுக்கிறேன். அவர்கள் மேலே படித்துவிட்டு எனக்கே மேலதிகாரியாக வருகிறார்கள். அது பரவாயில்லை. காட்டிக் கொடுக்கிற அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதையே செய்ய வேண்டுமென்றால் இந்தப் பட்டம் இல்லாமல் முடியாது.

சேர்ந்தால் மட்டும் போதாது, தெரியுமா? இரண்டு வருஷம். வார்டுப் பயிற்சி, மாணவிகளுக்கு வகுப்பு எடுத்துக் காட்டுவது, ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை. வருகை குறைந்தால் தேர்வெழுத விடமாட்டார்கள். கட்டுரையை ஏற்காவிட்டால் பட்டம் கிடையாது. நினைத்தால் பயமாக இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் தூங்கி எழுந்து பயப்படலாம் அல்லவா?

இந்த ஆஸ்பத்திரியில் என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. சீட் கிடைத்தால் வந்துவிடுவேன். கிடைக்காவிட்டால் புதுப்பிக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் குறைவாக இவர்கள் தருவதில்லை.

ஸ்பேனர் பெட்டி இருந்த இடத்தைத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் ஒட்டியிருக்கும்.

அன்புடன்
சிஸ்டரம்மா


ஜூன் 9

என் சிஸ்டரம்மாவுக்கு,

நீ வந்து எழுதிவிட்டுப் போன நுழைவுத் தேர்வின் பட்டியலைக் காலேஜில் ஒட்டிவிட்டார்கள். மேலே இருந்து படித்தேன், நீ இல்லை. கீழே இருந்து படித்தேன், அப்போதும் இல்லை. பக்கத்துத் தாளில் காத்திருப்போர் என்று போட்டு, அதில் முதல் பெயர் உன்னுடையது. எங்கேயும் கடைசியாகப் போய் நிற்கிற எனக்கு வாய்த்தவள், காத்திருப்பதிலும் முதல்.

அட்மிஷன் பிரிவு கிளார்க் தங்கமான மனுஷன். "கவலப்படாதீங்க சார், வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் வேற காலேஜுக்குப் போயிருவாங்க. இடம் விழுந்தா போன் பண்ணுவோம். அன்னைக்கே சரின்னு சொல்லிரணும். இல்லன்னா அடுத்தவங்கள கூப்பிட்டுருவோம்" என்றார்.

"அன்னைக்கு எதுக்குங்க, அந்த நிமிஷமே சொல்றேன்" என்றேன்.

போனைக் குளிக்கும்போதுகூட சோப்புப் பெட்டி மேல்தான் வைக்கிறேன். ஜன்னலோரம் உனக்கு ஒரு மேசை போட்டாயிற்று. ஒரு கால் குட்டை. அட்டை மடித்துக் கொடுத்திருக்கிறேன், ஆடாது. ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்பும் யோசித்துவிட்டேன்: மனைவி ஊரில் இல்லாத டிரைவர் இளைப்பது ஏன்? ஆளைத் தேடி நீ அலைய வேண்டாம்.

கிரீஸ் துடைத்துவிட்டேன்.

உன்
டிரைவர்


ஜூன் 30

வணக்கம்.

பட்டியலில் ஏதாவது நகர்ந்ததா என்று நேற்று காலேஜுக்கு நானே போன் செய்தேன். போன வாரம் ஓர் இடம் காலியாகியிருக்கிறது. முதல் பெயர் என்பதால் உடனே கூப்பிட்டிருக்கிறார்கள். யாரோ எடுத்து, இது சுடுகாட்டு ஆபீஸ் என்று சொல்லிவிட்டு, பிணம் தயாரா என்று கேட்டிருக்கிறார்கள். காலேஜில் அதைத் தவறான எண் என்று குறித்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் அன்றே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார்.

எண் சரியானதுதான், என் கணவருடையது என்றேன்.

"அப்ப ஏம்மா அவரு அப்படிச் சொன்னாரு?" என்று அந்தக் கிளார்க் கேட்டார். நல்ல மனிதர்தான், உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கதைக்கு நானும் சிரித்தவள்தான். இரண்டு தரம் படித்துக் காட்டியவள். அதனால் உங்களை முழுசாகத் திட்டவும் முடியவில்லை. திட்ட முடிந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வரும் இருபதாம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மேசையை நனையாத இடத்தில் வையுங்கள்.


ஜூலை 8

சிஸ்டரம்மா,

உன் கடிதத்தை வண்டியில் உட்கார்ந்து படித்தேன்.

எந்த அழைப்பு என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்த வாரம் பிடுங்கல் அதிகம். டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்று வந்தது, தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். அதுதானோ என்னவோ. சொல்லிவிட்டு நான் சிரித்துக்கொண்டே நட்டு முடுக்கியிருப்பேன்.

திங்கட்கிழமை காலேஜுக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, சண்டை போடுகிற முகம், எல்லாம் தயார் செய்துகொண்டுதான் போனேன். கிளார்க் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அதிலேயே பாதி சண்டை போய்விட்டது.

"சார், சேர்ந்தவங்கள எடுக்க முடியாது. அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?"

"இன்னொரு நாற்காலி போட முடியாதுங்களா? நானே கொண்டு வந்துடறேன்."

"நாற்காலி இல்ல சார். இத்தனை பேருன்னு மேல அனுமதி கொடுத்திருக்காங்க. ஒண்ணு கூடுனா எல்லாருக்கும் பட்டம் நின்னுரும்."

"அடுத்த வருஷம்?"

அவர் கோப்பைத் திறந்து உன் பிறந்த தேதியைப் பார்த்தார். திறந்த வேகத்திலேயே மூடிவிட்டார்.

வெளியே வந்தால், விடுதி வாசலில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் பெரிய டிரங்குப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். காத்திருப்போரில் இரண்டாவதாக இருந்தவள் அவள்தான். அந்த அம்மாவே சொன்னார், "எங்களுக்கு நம்பிக்கையே இல்லீங்க. மொதல் ஆளு வேண்டாம்னுட்டாங்களாம். யாரு செஞ்ச புண்ணியமோ."

ஸ்ட்ரெச்சர் பிடித்த கை, பெட்டியைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்காது. மாடிப்படி வரை தூக்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஆண்களுக்கு அனுமதி இல்லை.

பெண் மேலே போன நேரத்தில், சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "தம்பி, என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்களேன், எனக்குக் கண்ணாடி இல்ல" என்றார் அந்த அம்மா. பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும் என்ற தாள். ஏழாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். வார்டுப் பயிற்சி. வகுப்பு எடுத்துக் காட்டுதல். ஆராய்ச்சிக் கட்டுரை. வருகை. உன் மார்ச் மாதக் கடிதத்தில் இருந்த அதே வரிசை. ஆராய்ச்சி என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் திக்கினேன்.

"கஷ்டமா இருக்குமோ?" என்றார்.

"பாஸ் பண்ணிருவாங்கம்மா" என்றேன். உன்னிடம் சொல்ல வைத்திருந்த வார்த்தை அது.

இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு வரி எழுது. கையெழுத்துப் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. போட்டுவிட்டாயா என்று மட்டும் சொல்.

டிரைவர்


ஆகஸ்ட் 2

என் சிஸ்டரம்மாவுக்கு,

நீ எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். தபால்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கமே நடக்கிறார். இல்லை என்று தினமும் சொல்ல அவருக்கும் சங்கடம்.

இனி யார் கூப்பிட்டாலும் விளையாடுவதில்லை. "வணக்கம், ஆம்புலன்ஸ் டிரைவர் வீடு, என் மனைவி நர்ஸ், என்ன வேணும் சொல்லுங்க" என்கிறேன். கடன் வேணுமா என்று கேட்கிற பிள்ளைகளிடம்கூட முழுக்கக் கேட்டுவிட்டு, வேண்டாம் தம்பி என்கிறேன். அவர்கள்தான் பயந்துபோய் முதலில் வைக்கிறார்கள்.

ஆனால் ஒரு வினை நடந்திருக்கிறது. யார் போன், யார் நம்பர் என்று காட்டுகிற வசதி ஒன்று போனில் இருக்கிறதாம். அதில் யாரோ என் நம்பரைச் சுடுகாட்டு ஆபீஸ் என்றே பதிந்து வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து நிஜமாகவே ஆட்கள் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு பெண், "அப்பாவ எத்தன மணிக்குக் கொண்டு வரலாம்?" என்றாள். சுடுகாட்டின் சரியான நம்பர்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற எனக்கு மனப்பாடமாயிற்றே. மெதுவாக இரண்டு தரம் சொன்னேன். எழுதிக்கொண்டு, "தேங்க்ஸ் அண்ணா" என்றாள். அப்புறமும் உடனே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

எதிர்வீட்டு டெய்லரக்கா துணி வெட்ட மேசையைக் கேட்டார். அந்த மேசை ஆடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு நாள் நீ போனில் கூப்பிட்டால், நான் வாயே திறக்காமல் இருக்கிறேன். நீ சொல்ல வந்ததைச் சொல்லி முடி. ஆனால் இப்போதைக்குக் கூப்பிடாதே, கடிதமே போடு. எந்த நேரமும் போன் கையோடு இருக்கட்டும் என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முந்தாநாள் வண்டி கழுவக் குனிந்ததில் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் விழுந்துவிட்டது. அரிசியில் புதைத்து வை, ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்றார் கடைக்காரர். போனை ஒரு பக்கமும் கழற்றிய சிம் கார்டை ஒரு பக்கமுமாக அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன். போன் இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. சிம் கார்டு இன்று மத்தியானம் சோற்றுத் தட்டில் கிடைத்தது. நன்றாக வெந்திருந்தது.

உன்
டிரைவர்