இரண்டாவது பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் குறைந்ததா? நம் விதின் ஊரில் பனி தொடங்கிவிட்டதா? இங்கே தாலின் நகரில் நான் நலம்.

கணினி தசமக் கணக்கைப் பிசகில்லாமலும் வேகமாகவும் போடுவதற்கு ஒரு நிரல் எழுதிக்கொண்டிருந்தேனே, அதை எங்கள் நிரல்மொழிக் குழுவின் முன் வைத்தேன். பழையதைவிட எத்தனையோ மடங்கு வேகம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் குழுத்தலைவி மாரிகா எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டாள். "வேகமெல்லாம் சரிம்மா. நாளைக்கே நீ பஸ்ல அடிபட்டுட்டா இதை யாரு பாத்துக்குவா? இன்னொரு பேரு சொல்லு."

"நான் டிராம்லதானே போறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் சொல்ல ஒரு பெயர் அகப்படவில்லை. இரண்டாவது ஆள் இல்லாத நிரலை இங்கே சேர்ப்பதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

நம் ஊர் மசாலா உப்பு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். அம்மாவின் கம்பளிக் காலுறை இருந்தால் அதையும் வையுங்கள்.

நம் அடுக்குமாடியில், நம் தளத்தில் இப்போது உங்களைத் தவிர வேறு யாராவது குடியிருக்கிறார்களா? யாராக இருந்தாலும் வீட்டுச் சாவி ஒன்றை அவர்களிடம் கொடுத்து வையுங்கள், அப்பா. தபால் நிலையம் மூடுகிற நேரம், முடிக்கிறேன். அவர்கள் பெயரை மட்டும் மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.

உங்கள்
ரோசிட்சா