மோவும் கேயும்

ஜனவரி 8

துணி மடிக்கும்போதுகூடப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டுமாம். அடுக்ககத் தாய்மார் வகுப்பில் இன்று இதுதான் உபதேசம். சோறு பரிமாறினால் எண்ணிக்கை, காலுறை மடித்தால் ஜோடி, படியேறினால் கூட்டல். பயபக்தியோடு குறித்துக்கொண்டு வந்தேன். வேறு வழி? நாரினுக்கு ஐந்து வயது. பிப்ரவரி இருபதில் மழலையர் பள்ளி நேர்காணல், இருப்பது இரண்டே இடம்.

கொழுந்தன் தேக்சுவிடம் வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. வேலையை விட்டுவிட்டு மூன்று மாதமாக எங்கள் வீட்டில் குளிருக்குச் சூடேற்றிய தரையில் படுத்து ஆரஞ்சு உரிப்பதையே உத்தியோகமாக வைத்திருப்பவன். “காலுறைக்கு எப்போ பரீட்சை, அண்ணி?” என்கிறான்.

ஜனவரி 12

பன்னிரண்டு காலுறைகளைப் பரப்பி, “எங்கே, எத்தனைன்னு சொல்லு பாப்போம்?” என்றேன். 

“அம்மா, இது விளையாட்டா, பாடமா?”

விளையாட்டுதான் என்றேன்.

“அப்போ நான் ஆடல.”

எழுந்து போய்விட்டாள். எங்கே போவாள்? சித்தப்பாவிடம்தான்.

ஜனவரி 13

கிம்பாப் சோற்றுச்சுருளை நறுக்கி, துண்டு எத்தனை என்றேன். கேள்வியை விட்டுவிட்டுத் துண்டை மட்டும் தின்றாள்.

ஜனவரி 25

சந்திரப் புத்தாண்டுப் பண்டிகை வருகிறதாம், அதனால் யூத் ஆடுகிறார்களாம், சித்தப்பாவும் மகளும். நாலு கட்டைகளை வீசி, தோ, கே என்று கத்தி, காயை நகர்த்துவது. ஒரு கட்டை மட்டும் தட்டைப்பக்கம் மேலாக விழுந்தால் தோ, ஒரு கட்டம்; இரண்டு விழுந்தால் கே, இரண்டு கட்டம். மோ விழுந்தால் ஐந்து, கூடவே இன்னொரு வீச்சு. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை புகார் சொல்லிவிட்டார்.

இருவருமே கள்ளாட்டம் ஆடுகிறார்கள். அவன் ஒரு கட்டம் கூடுதலாக நகர்த்த, அவள் கையைத் தட்டிவிட, ஒரே ரகளை. முப்பத்தொரு வயது ஆண்பிள்ளைக்கு ஏற்ற தோழி கிடைத்துவிட்டாள்!

என்னோடு ஏன் அப்படிச் சிரிப்பதில்லை?

பிப்ரவரி 20

மானம் போயிற்று.

ஆசிரியை மேசைமேல் ஏழு மரப்பொம்மைக் குருவிகளை வைத்து எத்தனை என்று கேட்டார். நாரின் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மோ. அப்புறம் கே.”

ஆசிரியை விழித்தார். ஆசிரியையே சின்னப் பெண், பண்டிகைக்குக்கூட யூத் கட்டை பிடித்திருக்க மாட்டாள். நான் முந்திக்கொண்டு, இவளுக்கு இன்னும் எண்ணத் தெரியாது, மன்னிக்கணும் என்று தலை குனிந்தேன். நாரின் என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேக்சுவைப் பிடித்துக்கொண்டேன். உன் சூதாட்டத்தால் என் பிள்ளை கெட்டது, உருப்படாத நீ அவளையும் உருப்படாமல் ஆக்கிவிட்டாய் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் ஆரஞ்சைக் கீழே வைத்தான்.

“அண்ணி, மோவும் கேயும் சேந்தா எத்தனை?”

விரல் விட்டு எண்ணினேன். நான், பட்டப்படிப்பு முடித்தவள்.

ஏழு.

அவள் சரியாகத்தான் சொன்னாள். தெரியாது என்று சொன்னவள் நான். அவள் எதிரிலேயே சொன்னேன். சீ, என்ன தாய் நான்!

பிப்ரவரி 26

இடம் கிடைக்கவில்லை. அழுதேன். வகுப்புக் குறிப்பேட்டைப் பழைய தாளோடு போட்டுவிட்டேன். அதற்கு அதுவே அதிகம்.

மார்ச் 1

விடுமுறை. வெளியே மழை. இருவரும் யூத் ஆடப் பாயை விரித்தபோது நானும் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். நாரின் சந்தேகமாகப் பார்த்தாள்.

“கேள்வி கேப்பியா?”

மாட்டேன் என்றேன். யோசித்துவிட்டுக் கட்டைகளை என் கையில் கொடுத்தாள். வீசினேன். ஒன்றே ஒன்றுதான் தட்டைப்பக்கம் மேலாக விழுந்தது.

“எங்கே, எத்தனைன்னு சொல்லு பாப்போம்?” என்றாள், அச்சு அசல் என் குரலில். தேக்சு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“தோ” என்றேன். அவள் தலையசைத்த பிறகு, காயை ஒரு கட்டம் நகர்த்தினேன்.