சரியும் பங்குக்கு முதல் போணி

ஹாய்ஃபோங்

அன்பு மகள் தியெப்புக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்பளவில் நலம், மனதளவில் எப்படி என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். நீ அந்த லைப்சிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காலுறை போட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார், அதனால்தான் உன் ஊருக்கு வரும் ஒரு பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்தச் சிமெண்ட் கம்பெனிப் பங்கை நினைத்தாலே எனக்கு எரிகிறது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் முதலில் கொஞ்சம் வாங்கினார், அதோடு விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். விலை இறங்கியதும் இன்னும் கொஞ்சம், அதற்கும் கீழே போனதும் இன்னும் கொஞ்சம். கேட்டால், "அடியே, வெல குறையக் குறைய வாங்குனாத்தான் சராசரி இறங்கும், அப்புறம் லேசா ஏறினாலே லாபம்தான்டி" என்கிறார். சராசரி மட்டுமா இறங்குகிறது, கையிலிருந்த பணமும் சேர்ந்துதானே இறங்குகிறது என்றேன், நண்டு நூடுல்ஸ் விற்கிறவளுக்கு இதெல்லாம் புரியாதாம். பணத்தை மூன்று கூறாகப் பிரித்து மூன்று தடவையாக வாங்குவது ஒரு வழியாம், பயந்தவர்கள் எல்லாம் விற்றுத் தீர்த்த பிறகு சந்தை மூடும் நேரத்தில் வாங்குவது இன்னொரு வழியாம், எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டார். வாங்கிய பங்கு கைக்கு வரவே இரண்டு நாள் ஆகிறது, அதற்குள் அது இன்னும் ஒரு படி கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது.

வழிகள் தீர்ந்ததும், குறை கம்பெனியில் இல்லை, வாங்கும் கையில்தான் என்று முடிவுகட்டிவிட்டார். எதிர்வீட்டு வுவோங், சைக்கிள் டயர் ஒட்டுகிறவர், பெயருக்கே செல்வம் என்று பொருள் என்பதால் புத்தாண்டன்று தெருவே அவரைத்தான் முதலில் வீட்டுக்குள் அழைக்கும். அவரைக் கூட்டிவந்து உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, போனில் வாங்கும் பொத்தானை அழுத்தச் சொன்னார். அவரும் கிரீஸ் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அண்ணே, எனக்கு இதப்பத்தி ஒரு எழவும் தெரியாது, நாளைக்கு என்னைத் திட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டு அழுத்தினார். மறுநாள் போன் திரையில் நீலம்தான், ஒரே நாளில் எவ்வளவு விழ முடியுமோ அவ்வளவும் விழுந்துவிட்டது. இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, என் சைக்கிளுக்குக் காற்றடிக்க நான் மார்க்கெட் வரை தள்ளிக்கொண்டு போகிறேன். இதென்ன கூத்து என்று கத்தினால், "உன் கடைக்கு மட்டும் மொத போணிக்கு நல்ல கை வேணும், பேரம் பேசிட்டு வாங்காமப் போறவ பின்னாடி பீடை ஒழியட்டும்னு காகிதம் கொளுத்திப் போடுற, என் பங்குக்கு மட்டும் வேணாமா?" என்று மடக்குகிறார். நான் கொளுத்துவது உண்மைதான். ஆனால் என் போணி கெட்டால் ஒரு நாள் வியாபாரம்தானே போகும், இவருடையது அப்படியா?

அதன் பிறகுதான் உன் கைராசி அவருக்கு ஞாபகம் வந்தது. நீ பிறந்த வருஷம்தான் அவருக்குப் புதுப் பேருந்து கிடைத்ததாம். அங்கே விடியாத நேரத்தில் உன்னைப் போனில் எழுப்பி "வாங்குங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லவைத்தாரே, அது இதற்குத்தான். நீ தூக்கக் கலக்கத்தில் சொன்னாய், அவர் வாங்கினார், அந்த வாரமே பங்கு ஊதாவுக்குப் போய்விட்டது, ஒரே நாளில் ஏறக்கூடிய அளவு முழுவதும் ஏறிவிட்டது. விழுந்ததில் கால்வாசிகூடத் திரும்பவில்லை, ஆனாலும் வறுத்த பன்றி இறைச்சி வாங்கிவந்து தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். இறங்கும்போதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை, ஏனென்றால் சாப்பிட உட்கார்ந்ததுமே வீட்டை வங்கியில் அடமானம் வைப்பதாகவும், அடுத்து இறங்கும்போது மொத்தமாக வாங்கப்போவதாகவும் ஆரம்பித்துவிட்டார். "கடைசித் தடவைடி, இதுக்கு மேல இறங்க அதுக்கு எடமே இல்ல" என்கிறார், இதையே எத்தனை முறைதான் கேட்பது.

வீடு குடும்பத்தின் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். தூதரகத்துக்குப் போய்ப் போட்டு அனுப்பச் சொல்வார், கெஞ்சுவார், கோபிப்பார், நீ போடாதே. உன் அப்பா பேராசைக்காரர் இல்லை தியெப், முதல் தடவை வாங்கியது தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார். பழியை என்மேல் போடு, அம்மாதான் தடுத்தாள் என்று சொல். இனி விடியுமுன் போன் அடித்தால் எடுக்காதே, பகலில் நீயே கூப்பிட்டு அவருடைய முழங்கால் வலியைப் பற்றிக் கேள்.

வீட்டில் முன்னோர்களுக்கு ஊதுவத்தி ஏற்றும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன், அவர்கள் உனக்குத் துணையிருப்பார்கள். "அம்மா, நீ கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதாதா?" என்று என்னைக் கேட்பாய். அந்த இறைச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டு அவர் அடமானக் காகிதத்தை நீட்டினார், அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது, நான் போட்டுவிட்டேன். இனி மீதியிருப்பது உன் கையெழுத்து ஒன்றுதான்.

உன் அம்மா,
துயெத்