முட்டுக் கொடுத்த தோள்

ரொதியோன்,

முட்டி அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னார். ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறை சொல்லாமல் சாப்பிடு.

இன்று ஸ்கேட் கட்டி ஆடும் பனி நடனத்துக்கு க்ளேப் என்பவனோடு என்னை ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். உன்னைவிட உயரம், ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வளைவிலேயே நின்றுவிட்டான்.

"எதுக்கு தோளால முட்டுக் குடுக்குற? நான் என்ன நொண்டியா?"

பயிற்சியாளர் ரிம்மா சிரிக்கவில்லை. "எத்தன வருஷமாடி இப்பிடி ஆடுற?" என்றார்.

இரண்டு வருஷம் என்றேன். வலிக்கிறது என்று நீ சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

க்ளேப் வேண்டாம் என்றுவிட்டேன். டிசம்பர் போட்டி போகட்டும். உன் ஸ்கேட்டுகளைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். நீ வருவதற்குள் நேராக நின்று ஆடப் பழகிவிடுவேன்.

உன் வலப்பக்கத்தில் நிற்பவள்