முதுகில் ஒரு குருவி

மாவீரரே,

வெல்டிங் பட்டறையில் அவசர வேலை, எழுப்பாமல் கிளம்பிவிட்டேன். நேற்று கட்டு மாற்றும்போது பார்த்தேன். பச்சை குத்துவதற்குப் பதிலாக, ஆசைப்பட்டு முதுகில் குருவி வடிவில் சூடு போட்டுக்கொண்டு வந்தீர்கள். அது வீங்கி வாத்து மாதிரி இருக்கிறது. ஆறினால் இளைத்துவிடும். அதுவரை அரித்தாலும் சொறியாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். கதவில் முதுகைத் தேய்த்ததை நான் பார்க்கவில்லை என்று நினைப்பா? கொடியில் தொளதொளச் சட்டை காய்கிறது, அதையே போடுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ வீறாப்புக் காட்டாமல் டாக்டரிடம் போங்கள்.

மதியம் உங்கள் அம்மா வருகிறார். வந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துத்தான் "என்னடா, இளைச்சுட்ட?" என்பார். கை ஓங்குவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சூட்டுப் புண்ணுக்கு நல்லதென்று பற்பசையோடு வந்தால் தடவ விடாதீர்கள். சோறும் குழம்பும் அடுப்பு மேடையில் இருக்கின்றன.

கோபம் போய்விட்டதா என்று கேட்க வேண்டாம், போகவில்லை. "நீ பயந்துடுவன்னுதான் சொல்லல" என்றீர்களே, நாள் முழுக்க நெருப்போடு வேலை செய்கிற நானா பயப்படுவேன்? கூப்பிட்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அதுதான் ஆறவில்லை.

பி.கு.: களிம்பைத் தேடி வீட்டைக் கலைக்காதீர்கள், என் பையில்தான் இருக்கிறது. உங்களுக்குக் கை எட்டாது, அம்மாவைக் கேட்டுவிடாதீர்கள். சாயங்காலம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு நானே தடவுகிறேன்.